ஐம்பதுக்குக் கீழே

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கத்திக் கத்தி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். லேத் பட்டறையின் இரைச்சலில் போன உங்கள் காதோடு மல்லுக்கட்ட முடியவில்லை. நான் ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டால் நீங்கள் மழையைப் பற்றிப் பதில் சொல்கிறீர்கள். அதனால் கடிதம்.

எங்கள் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கும். ஐம்பது தாண்டிய எல்லோருக்கும் அனுப்புகிறோம், உங்கள் உறையை நானே ஒட்டினேன். அதை அம்மா அலமாரியில் விரித்துவிடுவதற்குள் பிரித்துப் படியுங்கள். கொலனோஸ்கோப்பி என்று பெயர். பெருங்குடலுக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்ப்பார்கள். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். புற்றாக மாறக்கூடிய சதை இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள்.

என் வேலை என்ன என்று யார் கேட்டாலும் ‘கம்ப்யூட்டர்ல ஏதோ’ என்கிறீர்களே, புற்றுநோய் வந்தவர்களின் வயதையும் நோய் முற்றிய நிலையையும் பதிவேற்றுவதுதான் அந்த ‘ஏதோ’. அதை வரைபடமாகப் போட்டால் உங்கள் வயதுக்காரர்களின் கோடு வருஷா வருஷம் இறங்குகிறது, பெரும்பாலும் இந்தப் பரிசோதனையால்தான். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களின் கோடு ஏறுகிறது, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அது வேறு கதை. நீங்கள் போய்விட்டு வாருங்கள். போகாவிட்டால் நேரில் வந்து உயிரை எடுப்பேன்.

உங்கள் வாண்டு

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சௌக்கியம். உன் தொல்லை தாங்காமல் போய்விட்டு வந்துவிட்டேன்.

குழாய் ஒன்றுமேயில்லை. முந்தின நாள் குடிக்கச் சொல்கிறார்களே ஒரு மருந்துத் தண்ணீர், அதற்குத்தான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நான் நடந்த நடையில் ஒரு தேர்தலுக்கே ஓட்டுக் கேட்டிருக்கலாம். உன் அம்மா கதவைத் தட்டி, “உள்ள ஏதாவது மிச்சம் இருக்கா, இல்ல மூளையும் சேர்ந்து போயிடுச்சா” என்று கேட்டாள். இத்தனை வருஷக் கோபத்தையும் அன்றைக்குச் சிரித்தே தீர்த்துக்கொண்டாள்.

இரண்டு சதை இருந்ததாம். வெட்டிவிட்டார்கள். சோதித்ததில் புற்று இல்லை. டாக்டரம்மா என் காதருகே வந்து, “இன்னும் சில வருஷம் விட்டிருந்தா இது வேற மாதிரி ஆகியிருக்கலாம். யாரு உங்களை வரச் சொன்னது?” என்றார். என் மகள் என்றேன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம் கழித்து மறுபடி வரவேண்டுமாம். பிள்ளைகள் நாற்பது வயதில் பார்த்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். போன மாதம் வந்தபோது நீ வெளுத்துத் தெரிந்தாய் என்று அம்மா ஓயாமல் புலம்புகிறாள். உடம்பைக் கவனி.

அப்பா

மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஓட்டுக் கேட்ட இடத்தில் மேலாளர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வெளுத்திருப்பது வேலைக் களைப்புதான். கொஞ்ச நாளாகக் கழிப்பறை போகும்போது ரத்தம் போகிறது. கிளினிக் டாக்டர் அது மூலநோய் என்று சொல்லிக் களிம்பும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். “இந்த வயசுல வேற என்னம்மா வரப்போகுது, உக்காந்தே வேலை பாத்தா இப்படித்தான்” என்றார். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள், பத்தியம் என்று ஆரம்பித்துவிடுவாள். நாற்பதுக்கு எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, அப்போது நானும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறேன்.

வாண்டு

ஜூன் 2

அன்பு மகளுக்கு,

நீ சொன்ன விஷயத்தை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் நின்றதா என்று இரண்டு கடிதத்தில் கேட்டும் நீ பதில் எழுதவில்லை. களிம்புக்கு நிற்கவில்லை என்றால் வேறு டாக்டரைப் பார். மாப்பிள்ளையிடமாவது சொன்னாயா?

அப்பா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் விஷயம் ஒன்றுதான். போன வாரம் வயிறு உப்பி வாந்தி நிற்காமல், உங்கள் மாப்பிள்ளை என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மூலம் இல்லை அப்பா. பெருங்குடலில் புற்று. அடைப்பை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது. நாலாவது நிலை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முப்பத்து நாலு, இருபத்தொன்பது, முப்பத்தெட்டு என்று என் மேசைக்கு வயதுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போவேன். பிறகு எழுந்து போய்க் களிம்பு தடவிக்கொள்வேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இப்போது என் வயதைப் பக்கத்து மேசைக்காரி பதிவேற்றியிருப்பாள்.

மருந்து ஏற்றுகிறார்கள். நாளைத் தள்ளிப்போடத்தான், குணமாக்க இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். நீங்களும் வரவேண்டாம், என்னை இந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது.

வாண்டு

ஆகஸ்ட் 28

மகளே,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு அறுபத்தேழு வயது. எல்லாம் பார்த்து முடித்தவன். எனக்கு ஏன் அந்த உறையை அனுப்பினாய்? உன் வயதுக்காரர்களுக்கும் ஓர் உறை அனுப்பியிருந்தால் உங்கள் அலுவலகத்துக்கு என்ன குடி முழுகியிருக்கும்? உன்னைக் கேட்டு என்ன பயன். யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

நீ வரவேண்டாம் என்றதால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா எதிரில் சிரிக்க வேண்டியிருக்கிறது.

அப்பா

நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மருந்து கேட்கவில்லை என்று நேற்று நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போய் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். உங்கள் மாப்பிள்ளை வராந்தாவில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

பக்கத்து மேசைக்காரி பார்க்க வந்தாள். அழைப்பு வயதை நாற்பத்தைந்தாகக் குறைக்கப் போகிறார்களாம். நல்ல செய்தி என்று நினைத்துச் சொல்லிவிட்டு, என் வயது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றாவது வருஷம் உங்களுக்கு மறுபரிசோதனை. அப்போது தொல்லை கொடுக்க நான் இருக்க மாட்டேன். போவேன் என்று எழுதித் தாருங்கள். நான் செய்ததில் ஒன்றாவது உருப்பட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வாண்டு

நவம்பர் 9

என் கண்ணே,

நீ கேட்டதை எழுதித் தரமாட்டேன். போகிறேன் என்று ஒரு வரி எழுதினால் உனக்கு நிம்மதி என்று தெரியும். பேனாவை எடுத்தேன், முடியவில்லை. உன்னிடம் பொய் எழுத எனக்கு வராது.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. “எப்போலேருந்து உங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் கேட்டாள். நீ இங்கே விட்டுப்போன துணிகளையும் அவள் துணிகளையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு வண்டி. நீ வேண்டாம் என்று எழுதினாலும், அந்தக் கடிதம் இங்கே வரும்போது வீடு பூட்டியிருக்கும்.

நேற்று வழக்கமான டாக்டரிடம் போனேன், பயணம் தாங்குமா என்று கேட்க. ரத்த அழுத்தம் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். இந்த வயதில் இப்படி ஓர் உடம்பா என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

நான் நன்றாக இருக்கிறேன் அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அப்பா