இடது கைக்கு ஒரு தூரிகை

அன்புள்ள வீட்டு மகாராணிக்கு,

நான் நலம், சளி விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

"அம்புக்குறி வரையவா இவ்ளோ தூரம் போறீங்க மாப்ள?" என்று கேட்ட உன் அண்ணனிடம், இப்போது தூரிகையே வரைகிறேன் என்று சொல். ஓவிய மென்பொருளில் திரைமேல் பேனா போகும் இடமெல்லாம் கூடவே ஓடுமே கர்சர் என்ற அம்புக்குறி, அதை வலப்பக்கம் சாய்ந்த குட்டித் தூரிகையாக முடி முடியாக இழைத்திருந்தேன்.

நேற்று அதைச் சோதிக்க ஓர் ஓவியர் வந்தார். இரண்டு கோடு போட்டதும் பேனாவை வைத்துவிட்டார்.

"இடது பக்கம் என் கை மறைக்குது, வலது பக்கம் உங்க தூரிகை மறைக்குது. நான் எதைப் பாத்து வரையறது? இடதுகைக்காரங்க யாரையும் உங்களுக்குத் தெரியாதா?"

"என் பெண்டாட்டியே இடது கைதாங்க" என்றேன்.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவங்களுக்குன்னு ஒண்ணு வரைஞ்சிடுங்க" என்றார்.

என் இடது கையில் தூரிகையைப் பிடித்துப் பார்த்தேன், துடைப்பம் மாதிரி நிற்கிறது. அதனால் நீ பென்சில் பிடித்து எழுதுவதைப் படமெடுத்து அனுப்பு. சாய்வு தெரிந்தால் போதும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். படத்தில் வளையலும் முகமும் சேர்ந்து விழுந்தால் வெட்டிவிடாதே. மென்பொருளுக்கு விரல்கள் போதும், எனக்குப் போதாது.

உன் வலதுகைக்காரன்