எட்டு வாய் ஷவர்

பிப்ரவரி 9, திங்கள்

துரை வந்துவிட்டார். கம்பெனிச் செலவில் இரண்டு நாள் பெரிய ஹோட்டலில் தங்கிவிட்டு வந்ததில் என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்: "அங்க பார்த்ததுதான் ஷவர்! தலைக்கு மேல மழை மாதிரி ஒண்ணு. கையில பிடிக்க ஒண்ணு. சுவத்துல ஆறு ஜெட். எட்டு வாயையும் ஒரே நேரத்துல திறந்துவிட்டா..."

ஹாலின் நடுவில் கண்ணை மூடி நின்று காட்டினார்.

கீழே இருக்கும் குளியலறையை உடைத்துக் கட்டப்போவது உண்மைதான். ஆனால் அது அவர் தங்கைக்காக. விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, பாவம். என் நாத்தனார் இனி எங்களோடுதான். உட்கார்ந்தே குளிக்க வேண்டியவள். அவளுக்கு, நிற்பவர்களின் நெஞ்சு உயரத்தில் ஆறு ஜெட்! நேராக முகத்தில் அடிக்கும். கேட்டால், "எல்லாம் அவளுக்காகத்தானே."

பிப்ரவரி 12

பிளம்பர் வந்தார். எதைக் கேட்டாலும் "போட்டுடலாம் சார்." நானும் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டேன்.

"எட்டு வாய்க்கும் சேர்த்து என்ன குழாய்?" என்று கேட்டேன்.

"அரை இஞ்ச் மேடம். எல்லா வீட்லயும் அதான்."

"எல்லா வீட்லயும் எட்டு வாய் இருக்கா?"

போட்டுடலாம் சிரித்தார். துரையும் கூடச் சேர்ந்து சிரித்தார். ரெண்டு அறிவாளிகள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். எல்லா இயந்திரமும் ஒன்றாகத் தண்ணீர் இழுத்தால் கடைசி இயந்திரம் என்ன பாடுபடும் என்று தினமும் பார்க்கிறவள். மழை ஷவருக்கு நிமிடத்துக்குப் பத்து லிட்டர், கை ஷவருக்கு எட்டு, ஜெட் ஒவ்வொன்றுக்கும் நாலு. கூட்டினால் நாற்பதைத் தாண்டுகிறது. அரை அங்குலக் குழாய் அதில் பாதி தந்தாலே பெரிய விஷயம். முக்கால் அங்குலமே முக்கி முனகித்தான் தரும்.

"நீ என்ன இன்ஜினியரா?" என்றார் துரை.

இல்லை. கூட்டல் தெரிந்தவள்.

பிப்ரவரி 13

ஹீட்டர் இருபத்தைந்து லிட்டராம். துரை சோப்பைத் தேடி எடுப்பதற்குள் வெந்நீர் தீர்ந்துவிடும்.

பிப்ரவரி 21

வால்வுச் சண்டை. அவர் சொல்வது சாதாரண மிக்ஸர். கையால் திருப்பி வைத்ததோடு அதன் வேலை முடிந்தது. தண்ணீரின் வேகம் மாறினால் சூடும் மாறும். நான் கேட்டது, சூட்டை ஒருமுறை குறித்துவிட்டால் அதைத் தாண்டவிடாத வால்வு. பச்சைத்தண்ணீர் நின்றால் வெந்நீரையும் தானே நிறுத்திவிடும். அதுவும் முக்கால் அங்குலத்தில் வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான்மா. சுட்டா கால எடுத்துக்கப்போறா, அவ்வளவுதானே."

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வாயைத் திறந்து தப்பு என்றாரா? "நாம பக்கத்துல இருப்போம்ல" என்று மழுப்பினார்.

சாயங்காலம் மழை ஷவர் வாங்கிவந்தார். தாம்பாளம் அளவு. பளபளக்கிறது, முகம் பார்க்கலாம். பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 27

நாத்தனார் வந்துவிட்டாள். சக்கர நாற்காலியைக் குளியலறை வாசலில் நிறுத்திச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணா, இது குளிக்கிறதுக்கா, கார் கழுவுறதுக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் இவளுக்கும் ஆகாது. இன்று முதல் ஆகும்போலிருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

திறப்பு விழா. துரை எட்டையும் திறந்தார். தாம்பாளத்திலிருந்து சளி பிடித்த மூக்குபோல ஒழுகியது. ஜெட்கள் சுவரை நக்கிக்கொண்டு வழிந்தன.

"பிரஷர் கம்மி சார்" என்றார் போட்டுடலாம், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் வந்து குறைத்துவிட்ட மாதிரி.

நானும் நாத்தனாரும் சிரித்த சிரிப்பில் துரை மாடிக்குப் போய்விட்டார்.

மார்ச் 3

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் அவர்தான் தங்கையைக் குளிக்கும் நாற்காலியில் உட்காரவைத்தார். கை ஷவரைத் திறந்து, சூடு சரிதானா என்று கையை நீட்டிப் பார்த்து, அவள் கால்மேல் விழும்படி கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். அவள் தலைக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன்.

ரெண்டுக்கும் ஒரே அரை அங்குலக் குழாய். பச்சைத்தண்ணீர் என் பக்கம் வந்துவிட்டது. அவர் பிடிவாதமாக மாட்டவைத்த சாதாரண மிக்ஸர் எதைத் தடுக்கும்? அவளுக்குப் போனது கொதிக்கிற வெந்நீர்.

"அண்ணி, ஏன் இவ்வளவு ஆவி?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

ஓடினேன். ரெண்டு பாதமும் செவேல்னு... ஒரு பக்கம் கொப்புளம் கிளம்பிடுச்சு. தலையெல்லாம் நுரையோட என்னைப் பார்க்கிறா. "வலிக்கலையே அண்ணி"ங்கிறா. வலிக்காதுடி... அதுக்குத்தானே நான் அவ்வளவு கத்தினேன்!

கத்தி என்ன? எந்தத் தண்ணி எங்க போகும்னு ஊருக்கே பாடம் எடுத்தவ நான். அந்தக் குழாயைத் திறந்ததும் நான்தான். பெரிய இவ.

மார்ச் 4

ஆழமான புண் இல்லை, ஆனால் ஆற நாளாகும் என்றார் டாக்டர். துரை மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே போய் மருந்து கேட்டு வாங்கியது நான்.

மார்ச் 8

டம் டம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் இவரே உளியை வைத்து ஜெட்களைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார், தலையெல்லாம் சிமெண்டுத் தூளோடு. சுத்தியல் பிடிக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே!

திரும்பாமலே கேட்டார். "நீ சொன்ன வால்வு... அது என்ன சைஸ்?"

வாய்வரைக்கும் என்னென்னவோ வந்தது. "முக்கால்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 17

இனி ரெண்டே வாய். கை ஷவர் ஒன்று, உட்கார்ந்தவள் தலைக்கு எட்டும் உயரத்தில் சின்னதாக ஒன்று. ஒரு சமயத்தில் ஒன்றுதான் திறக்கும். அடுக்களையோடு சம்பந்தமே இல்லாமல் தொட்டியிலிருந்து நேராகத் தனிக்குழாய், முக்கால் அங்குலம். ஹீட்டரும் இப்போது நூறு லிட்டர்.

போட்டுடலாம் அப்படியே செய்துவிட்டு, வால்வை மட்டும் அரை அங்குலத்தில் கொண்டுவந்திருக்கிறார். "குழாய்தான் பெருசா இருக்கே மேடம்." தொண்டையை நெரித்துவிட்டு, வயிறு பெரிதாக இருக்கிறதே என்கிற ஆள்!

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "கொண்டுபோய் மாத்திட்டு வாங்க. இன்னைக்கே."

ஏப்ரல் 12, ஞாயிறு

நாத்தனாரின் பாதம் முழுக்க ஆறிவிட்டது. புது வால்வில் இன்றுதான் முதல் குளியல்.

அதற்கு முன்னால் இவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குளிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, திறந்த ஷவருக்கடியில் தன் பாதத்தை நீட்டிக்கொண்டார். "அடுக்களையில திற!" திறந்தேன். "மாடிக் குழாயையும் திற!" ஏறிப்போய்த் திறந்தேன். "வாஷிங் மெஷினைப் போடு!" போட்டேன். சூடு இம்மியும் மாறவில்லை. மனுஷன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். மறுபடி முதலிலிருந்து. நான் என்ன இவருக்கு வேலைக்காரியா?

"அண்ணா, நீ குளிச்சு முடிச்சிட்டேன்னா நான் குளிக்கலாமா?" என்று வாசலிலிருந்து நாத்தனார் கத்திய பிறகுதான் வெளியே வந்தார்.

அவள் தானாகவே நாற்காலி மாறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சூடு சரியா இருக்காம்மா?"

"இருக்கு. கதவுகிட்ட நிக்காத, போ."

வந்து அடுக்களை முக்காலியில் உட்கார்ந்தார். ரெண்டு பாதமும் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. துண்டை எடுத்தேன். வழக்கம்போலத் தூக்கிப் போடவில்லை. கையில் கொடுத்தேன்.