சேவியரின் பச்சைப் பாறை

என் பிரியமுள்ள சேவியர் மச்சானுக்கு,

நீ சொன்னதுதான் சரி. இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். வேறு யாரையும் மன்னிக்கும் மனநிலையில் நான் இல்லை. உன்னிடம் மட்டும் சந்தோஷமாகப் பேச வந்திருக்கிறேன்.

திண்டிவனத்துக்கு மேற்கே, நீ ஆய்வுக்குக் கல் எடுத்த குவாரியில் அந்தக் கருங்கல் டைக் அப்படியேதான் நிற்கிறது. பூமிக்கடியிலிருந்து பழைய பாறையைப் பிளந்து பாறைக் குழம்பாக ஏறி, உறைந்து சுவராகிவிட்டது. அதை ஒட்டிய பிரெச்சியா, நொறுங்கிய துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொண்ட அந்தப் பாறை, ஏன் பச்சை பூத்திருக்கிறது? குழம்போடு வந்த வெந்நீர் ஊடுருவி மாற்றியது என்றாய் நீ. நம் கல்லூரி நிலவியல் துறைத்தலைவர் கருத்தரங்கில் எல்லோர் முன்பும், "வெயில் மழையில மக்கிப்போன கல்லுய்யா இது. வெந்நீராம்! குளிக்கவா?" என்றார். சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு நினைவிருக்கிறது. நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

உன் ஆய்வு எங்கே இடறியது என்று இப்போது தெரிந்துவிட்டது. டைட்டானியம் வெந்நீரில் கரைந்து ஓடாது. அதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றத் தனிமங்கள் கூடினவா குறைந்தனவா என்று பார்க்கிறோம். உன் முடிவுகளில் டைக்கை நெருங்க நெருங்க டைட்டானியமே ஏறியது. அளவுகோலே நீண்டால் எதை அளப்பது?

போன மாதம் ஆய்வுக்கூட அலமாரியில் உன் மீதிக் கற்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளை பெயின்ட்டில் எண். டைக்கை ஒட்டிய கற்கள் பொலபொலவென்று உதிர்வதால், எண் நிற்காதென்று இரண்டு பூச்சு! பெயின்ட் பூசிய பக்கத்தை அறுத்தெடுத்தால் கல் நொறுங்குமென்று, பெயின்ட்டோடு சோதனைக்கு அரைத்திருக்கிறாய். வெள்ளை பெயின்ட்டின் வெள்ளையே டைட்டானியம்தானே, மகராசா! வேறு யாராக இருந்தாலும் திட்டியிருப்பேன். உன் கோணல் எழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

மறுபடி போய்க் கல் எடுத்தேன். உன் தங்கையும் வந்தாள். "எங்கண்ணன் இதே வெயில்ல பாட்டு பாடிக்கினு கல்லு ஒடைக்கும். நீங்க என்னா, மூஞ்ச உர்ருனு வச்சிக்கினு ஒடைக்கிறீங்க?" என்றாள். எண்ணைப் பையில் மட்டும் எழுதினேன். டைட்டானியம் அசையவில்லை. டைக்கை நெருங்க நெருங்கப் பொட்டாசியம் ஏறுகிறது, சோடியம் இறங்குகிறது. மழை பொட்டாசியத்தை அரித்துக்கொண்டு போகும், கொண்டுவந்து சேர்க்குமா? அது உன் வெந்நீரின் வேலைதான்.

உன் பெயரை முதலில் போட்டு இதைக் கட்டுரையாக எழுதினேன். துறைத்தலைவர் படித்தார். "நல்லா வந்திருக்குப்பா. சேவியர் பேரு எதுக்கு? தப்பு பண்ண ஆளு, இப்ப உயிரோடவும் இல்ல. அத எடுத்துட்டுக் குடு, ஜல்தியா கையெழுத்து போட்டுர்றேன். ஒன் ப்ரமோஷனும் இதுலதான இருக்கு?"

"தப்பு பெயின்ட்டுல சார். கல்லப் பாத்த கண்ணுல இல்ல" என்று சொல்லிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் உன் தங்கையிடம் சொன்னேன். மல்லாட்டைக் கடலை வறுத்து என் முன்னால் வைத்தாள். அது சம்மதம்தானே? அவளை உனக்குத்தான் தெரியும்.

பதவி உயர்வு இந்த முறையும் போகும். போகட்டும். கோபத்தை ஆறவிடாமல் வைத்திருக்கத் தெரிந்தவனுக்குக் காத்திருப்பது பெரிய வேலையா? அவர் ஓய்வு பெறட்டும். அந்தக் கட்டுரை என்றைக்கு வெளிவந்தாலும் முதல் பெயர் உன்னுடையது. உனக்குப் பின்னால்தான் நான்.

உன் தங்கையைக் கட்டிய,
மச்சான் ஆரோக்கியம்