மஞ்சள் காரைக் காட்டமாட்டார்கள்

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஹீட்டர் மேல் சாக்ஸ் வரிசை, ஒன்றும் காயவில்லை. பால் வாங்கக் கிளம்பிப் பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பினேன், கடை மூடியிருக்கும். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் ஞாயிறென்றால் பால் இல்லாமல் மாட்டிக்கொள்கிறேன்.

சாயங்காலம் கீழ் வீட்டு டிவியில் கார் பந்தயம். அருள் அண்ணா, ரீட்டா அக்கா, நான், தட்டு நிறைய அக்கா பொரித்த ரோல்ஸ். அண்ணா இலங்கையில் மன்னார்க்காரர். பகலெல்லாம் எங்கள் ஊர் ஆஹெனைச் சுற்றி வட்டப் பாதையில் பஸ் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் அமெரிக்காவில் வட்டமாகக் கார் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறார். அலுக்காதா என்று கேட்டேன். "அவங்களுக்கு ஸ்டொப் இல்லை பிள்ளை. அதுதான் பாக்க ஆசையாயிருக்கு."

டிவிக்காரர்கள் இன்று செய்தவை:

– பச்சைக் கொடி. எல்லாக் காரும் சேர்ந்து பாயும் நேரம். மெத்தை விளம்பரம்.

– திரும்பி வந்தால் முதலாவது ஓடுகிறவன். முன்னாலும் பின்னாலும் ஒருத்தரும் இல்லை, சும்மா ஓடுகிறான். அவனையே காட்டுகிறார்கள்.

– பின்னால் மூன்று வரிசையாக ஒட்டிக்கொண்டு சண்டை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு ஓட்டுநரின் மாமனாரிடம் பேட்டி.

– விபத்து. யார் யாரை இடித்தார்கள்? தெரியாது. அதற்கு முந்தைய விபத்தை மெதுவாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

– ஜெர்மன் வர்ணனையாளர் இந்த வாரமும் "இடது பக்கம் மட்டும்தான் திரும்புகிறார்கள்" என்று சொல்லி, அவரே சிரித்துக்கொண்டார்.

– மஞ்சள் கார்: ஒரு தடவைகூட இல்லை.

மஞ்சள் கார் என்னுடைய கார். கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்பிய கோடையில் ஆபீஸ்காரர்கள் பந்தயத்துக்குக் கூட்டிப் போனார்கள். காதில் பஞ்சு, மண்டை பிளக்கும் வெயில், டயர் கருகும் வாசம். யார் ஓட்டுகிறார் என்றுகூடத் தெரியாமல் ஒரு மஞ்சள் காரைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரை அதையே பார்த்தேன். இருபதுக்கு அப்பால்தான் வந்தான், இருந்தாலும் சந்தோஷம். நேரில் போனால் நமக்குப் பிடித்ததைப் பார்க்கலாம். டிவியில் அவர்களுக்குப் பிடித்ததைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள்காரன் இப்போது திரையின் ஓரத்தில் நகரும் பெயர் வரிசையில் மட்டும் இருக்கிறான்.

அ. அண்ணா டிவியைப் பார்த்து: "முன்னுக்கு ஓடுறவன் மட்டுமோ பெட்ரோல் அடிச்சு ஓடுறான்? பின்னாலை வாறவனும் அடிச்சுத்தானே ஓடுறான்! அவனையும் காட்டன்ரா!"

நானும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. நன்றாக இருந்தது.

விளம்பரம் ஓடும்போது சமையலறையில் ரீட்டா அக்கா கேட்டார், "உங்கடை அவர் எப்ப கார்ல்ஸ்ரூஹேயிலை இருந்து வாறார்? இன்னும் ஆளைக் காணேல்லை." எப்போதும் 'அடுத்த வாரம்' என்று சொல்லி நழுவிவிடுவேன். இன்று வாய் வேறு சொன்னது. "வரமாட்டாருங்க்கா. டைவர்ஸ் ஆகுது. அடுத்த மாசம் கோர்ட்ல டெர்மின், தேதி குடுத்துட்டாங்க." அக்கா என் தட்டில் இன்னும் இரண்டு ரோல்ஸ் வைத்தார். உள்ளேயிருந்து அண்ணா, "ஓடி வாங்கோ, தொடங்கிட்டுது!"

எதற்குச் சொன்னேன்?

அக்டோபர் 15, புதன்

தூறல். ஆபீசில் பிரேக் சத்தம் அளக்கும் வேலை, நாள் பூராவும் கிரீச் கிரீச். மதியம் பக்கத்து மேசைக்காரர் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டார், புதன்கிழமையில். நன்றாகப் போனது என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. இங்கே யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

அ. அண்ணாவிடமிருந்து மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்:

"பிள்ளை, வாற ஞாயிறு வரவேண்டாம். எல்லாம் முடியட்டும். பேந்து ஆறுதலா வாங்கோ. பாப்பம்."

பேந்து என்றால் பிறகு. ஓம் என்றால் ஆமாம். ஏலாது என்றால் முடியாது. அவர்கள் தமிழ் எனக்கு இப்போது தண்ணி பட்ட பாடு, ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை. எல்லாம் முடியட்டும் என்றால் கோர்ட் முடியட்டும். அதற்குப் பிறகு, ஆறுதல் வேண்டுமென்றால், வா. பாப்பம் என்றால் பார்க்கலாம். கோயமுத்தூரில் ஒருத்தர் 'பார்க்கலாம்' என்று சொன்னால் இல்லை என்றுதான் அர்த்தம்.

நான் என்ன ஆறுதல் தேடியா போனேன்? பந்தயம் பார்க்கப் போனேன். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து சேர்ந்து திட்டுவதற்குப் போனேன். அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்துக்கொண்டுதான் வாரம் முழுக்க கிரீச் சத்தம் கேட்கிறேன். அக்காவிடம் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த இடம் இன்னும் என்னுடையதாக இருந்திருக்கும்.

"சரிங்ணா" என்று பதில் போட்டேன். அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார்.

அக்டோபர் 17, வெள்ளி

குளிர். மாடிப்படியில் அவர்கள் குரல். கதவைத் திறக்கப் போனவள் நின்றுவிட்டேன். கதவு ஓட்டையில் பார்த்தால், அண்ணா கையில் ஒரு அட்டைப் பெட்டி, பின்னால் அக்கா.

அக்கா: "இஞ்சை பாருங்கோ, மேல் வீட்டுப் பிள்ளைக்கு இப்ப ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

அண்ணா: "நான் ஏன் சொல்லுறன்?"

என்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் பேச அதற்குள் விஷயம் சேர்ந்துவிட்டது. அவர்கள் கதவு சாத்தும் வரை சொந்த வீட்டுக்குள் திருடிபோல் நின்றேன்.

பால் வாங்கிவிட்டேன். இரண்டு பாக்கெட்.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை இல்லை. வெயில்கூட எட்டிப் பார்த்தது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அம்மா போனில்: "சாப்டியா கண்ணு? ரூமுக்குள்ளயே கெடக்காத. எங்காச்சும் போயி நாலு பேருகூட இருந்துட்டு வா." போய்விட்டு வந்தேன் என்று சொன்னேன்.

பந்தயம் லேப்டாப்பில். படம் அடிக்கடி நின்றது. கீழே டிவி சத்தமே இல்லை, எங்கேயாவது விருந்துக்குப் போயிருப்பார்கள்.

மஞ்சள்காரன் மேலே வர ஆரம்பித்தான். மற்றவர்கள் டயர் மாற்றப் போனபோது இவன் போகாமல் ஓடிக்கொண்டே இருந்தான். பெயர் வரிசையில் பார்க்கிறேன்: பதினான்கு. ஒன்பது. ஐந்து. எப்படி முந்தினான், உள்ளே புகுந்தா, வெளியே சுற்றியா, ஒன்றும் காட்டவில்லை. முதலாவது ஓடுகிறவனின் ஸ்டீயரிங்கைக் காட்டினார்கள். அவன் கையுறையைக் காட்டினார்கள்.

மூன்று.

எழுந்து நின்றேன். இப்போது காட்டித்தானே ஆகவேண்டும், முதலாவதுக்குப் பின்னாலேயே வருகிறானே! கேமராவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் போதும். நகர்த்தினார்கள். ஒரு மூச்சு நேரம் மஞ்சள் தெரிந்தது, அழுக்காக, ஒரு பக்கம் நசுங்கி. சத்தியமாகத் தெரிந்தது.

இன்சூரன்ஸ் விளம்பரம்.

திரும்பி வந்தபோது மஞ்சள் கார் சுவரோரம் புகைந்துகொண்டிருந்தது. யார் தள்ளினார்கள், டயர் வெடித்ததா? யாருக்கும் அக்கறையில்லை. ஓட்டுநர் இறங்கி நடந்தான், கையை ஆட்டினான், ஆகவே அவனுக்கு ஒன்றும் இல்லை. உடனே முதலாவது ஓடுகிறவனின் குழுத் தலைவரிடம் பேட்டி.

"அடப்பாவிகளா, அவனைக் காட்டுங்கடா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து சுவரில் தட்டினார்கள். ஞாயிறு, அமைதி நேரம். இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் ரசிகர்கள். ஒருத்தி கத்தினால் சுவரில் தட்டுகிறார்கள்.

அழுதேன். காருக்காக என்று எழுதிவைக்கிறேன்.

பிறகு யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஆபீஸ், அம்மா, வக்கீல், பல் டாக்டர். கல்யாணம் முறிந்ததைச் சொல்லக்கூட ஒரு ஆள் கிடைத்தது. மஞ்சள் கார் சுவரில் மோதியதைச் சொல்ல யாரும் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நல்ல மழை. அண்ணாவின் பஸ்ஸைத் தவிர்க்க ஆபீசுக்கு நடந்தே போனேன். ஷூவுக்குள் தண்ணி. வேண்டியவை: ஷூவுக்குள் திணிக்கப் பழைய பேப்பர். இருமல் மருந்து. மூளை.

டிவி நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுத ஆரம்பித்தேன். "மதிப்புக்குரியவர்களே, மூன்றாவதாக ஓடுகிறவனும் மனிதன்தான்." அதற்கு மேல் ஜெர்மன் வரவில்லை.

அக்டோபர் 22, புதன்

இருமல். நடக்கத் தெம்பில்லை. வந்தது அண்ணாவின் பஸ்தான். நடுக் கதவால் ஏறி ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த ஸ்டாப்பில் ஒரு தமிழ்ப் பெண் குழந்தை வண்டியை இறக்கத் தடுமாறினாள். முன்னாலிருந்து அண்ணாவின் குரல், பஸ் முழுக்கக் கேட்டது: "தங்கச்சி, ஆறுதலா இறக்குங்கோ! ஒரு அவசரமும் இல்லை, நான் நிக்கிறன்."

"ஓம் அண்ணை!"

ஆறுதலா இறக்குங்கோ.

வண்டியை யாரும் ஆறுதல் சொல்லி இறக்குவதில்லை. ஆறுதலா என்றால் மெதுவாக! அவசரமில்லாமல்! போனை எடுத்து அந்த மெசேஜைத் திரும்பப் படித்தேன். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனது. வெட்கத்தில் காது சுட்டது. தண்ணி பட்ட பாடாம்.

ரயில் நிலையத்தில் அவருக்கு இடைவேளை. முன்னால் போய் நின்றேன்.

"பிள்ளை! எங்கை ஆளைக் காணேல்லை? திங்களும் உங்களைப் பாத்துக்கொண்டிருந்தம், நேற்றும் பாத்துக்கொண்டிருந்தம். அக்கா பொரிச்ச ரோல்ஸ் எல்லாம் நான்தான் திண்டு முடிச்சன்."

"நீங்கதானுங்ணா வரவேண்டாம்னு சொன்னீங்க."

"ஞாயிறுதானே வரவேண்டாம் எண்டனான்! ரெக்கோர்ட் பண்ணுற பெட்டி ஒண்டு வாங்கினனான். பந்தயம் முழுக்க முடியட்டும், பேந்து அவசரமில்லாமல் இருந்து, விளம்பரம் எல்லாத்தையும் தள்ளிப்போட்டுப் பாப்பம் எண்டு. சொல்லாமல் வைச்சுக் காட்டுவம் எண்டது அக்கா."

எனக்கு இருமல் வந்தது. வந்ததும் நல்லதுதான்.

"நான் வேற மாதிரி நெனச்சுட்டனுங்ணா. அக்காகிட்ட சொன்னேன்ல, அதனாலயோன்னு."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. "அது வேறை, பந்தயம் வேறை" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். திடீரென்று கையை உயர்த்தி, "முடிவை மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ! டெப்போவிலை ஒருத்தரையும் நான் கதைக்க விடேல்லை. நீங்கள் பாத்திட்டியளோ?"

"இல்லைங்ணா. பாக்கவே இல்லைங்ணா."

ஆபீசுக்குத் தாமதம். யாரும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 23, வியாழன்

மழையா இல்லையா, கவனிக்கவில்லை. சாயங்காலம் கீழ் வீடு. சோபாவின் இடது ஓரம். அக்கா இருமலுக்கு மல்லித் தண்ணி வைத்துக் கொடுத்தார். கார்ல்ஸ்ரூஹே பேச்சை எடுக்கவில்லை. "கோட்டுக்குப் போற அண்டைக்கு நான் கூட வாறன். தனியப் போகாதையுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மல்லித் தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அண்ணா ரிமோட்டும் கையுமாக. முதல் விளம்பரம் வந்ததும் தள்ளினார், சின்னப் பையன் மாதிரி சிரித்தார். ஆனால் விளம்பரம் தின்ற சுற்றுகள் திரும்பி வரவில்லை. டிவிக்காரர்கள் காட்டாததைப் பெட்டி எங்கிருந்து பிடிக்கும்? அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப இந்தப் பெட்டியாலை என்ன பிரயோசனம்?" என்று பெட்டியையே திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். அந்த மாமனார் இந்த வாரமும் பேட்டி கொடுத்தார், அவரையும் திட்டினோம். யாரும் சுவரில் தட்டவில்லை.

மஞ்சள்காரன் பதினான்கு. ஒன்பது. எனக்கு நடிப்பு வராது. "அட, நம்ம ஆளு!" என்றேன், கொஞ்சம் அதிகமாகவே. ஐந்து. அண்ணாவும், "ஓமோம், வாறான் வாறான்" என்றார்.

மூன்று. கேமரா பின்னால் நகர்ந்தது. மஞ்சள் தெரிந்தது. இங்கேதான் துள்ளவேண்டும் என்று நான் எழுந்தேன்.

"ஐயோ பாவம்" என்றார் அண்ணா.

விளம்பரம் இன்னும் வரவில்லை. கார் சுவரில் மோதவில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை."

"எனக்கும் தெரியாதுங்ணா" என்றேன்.