உன் அரக்கிக்கு வைத்த பெயர்

கூரியர் உறையைப் பிரித்ததும் அச்சு மையின் வாடை முகத்தில் அடித்தது. உன் நாவலின் மறுபதிப்பு. திருத்தம் பார்ப்பதற்கான படி. அட்டையில் கோரைப்பல் தெரியச் சிரிக்கும் அரக்கி, அவள் தலைக்கு மேல் உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவள் பெயர். நீ செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மறுபடியும் என் வீட்டுக்குள் வந்துவிட்டாய்.

இந்தப் பதிப்புக்கு முன்னுரையாக, செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை நான் எழுத வேண்டுமாம். எழுதிவிடுகிறேன். நீ கதை சொல்ல ஆரம்பித்தால் கையில் இருக்கும் டீ ஆறிவிடும். ஆனால் பெயர் வைக்க மட்டும் உனக்கு வராது. வில்லாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து நீ முதல் அத்தியாயத்தை வாசித்தபோது ஊருக்கெல்லாம் ஆர்க்கேலியா, செல்டோரன் என்று பெயர்.

"என்ன மாப்ள, மருந்துக்கடையில வாங்கின மாதிரி இருக்கு?" என்றேன்.

"அப்ப நீ வையி."

வைத்தேன். உப்பு பூத்த மண்ணில் வாழ்கிறவர்களின் ஊருக்கு உவரணை. காற்று ஓயாத மலைக்கு ஊளைமுடி. எதையும் வளைத்துப் பிடுங்கும் தளபதிக்குத் தொறட்டன். பெயர் என்றால் தெப்பக்குளத்தின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டு அந்தக் கரையில் இருப்பவன் திரும்ப வேண்டும், அதுதான் என் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியூரில் அதையும் செய்து பார்த்தோம். நீ "தொறட்டா!" என்று கத்த, எதிர்க்கரையில் நான் கையைத் தூக்க, வாக்கிங் போனவர்கள் விலகி நடந்தார்கள். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பை நான் மறுக்கவில்லை.

அந்த வருஷம் என் மனைவி செல்வி மாசமாக இருந்தாள். பெண் பிறந்தால் வைப்பதற்கு நான் ஒரு பெயரை உண்டாக்கினேன். எந்தக் கதைக்கும் அவ்வளவு நாள் யோசித்ததில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும்.

பெண்தான் பிறந்தாள். உயிர் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். துக்கம் கேட்க வந்த உன்னிடம் செல்விதான் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"இந்தப் பேருதான் வைக்கணும்னு இருந்தோம்ணே. ஒரு தடவகூடக் கூப்பிடாம போயிட்டா."

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து தட்டை அவள் கையில் கொடுத்தாய். "ஒரு வாய் சாப்புடு தாயி" என்றாய். உன்னைப் போல் ஒரு மனுஷன் கிடையாது என்று அன்று நினைத்தேன்.

நாவல் வந்ததும் முதல் பிரதியை நீயே கொண்டுவந்து தந்தாய், அல்வாவோடு. மறுநாள் செல்வி புத்தகத்தைத் திறந்தபடி என் முன்னால் வந்து நின்றாள். பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தின்னும் அரக்கி அந்தப் பக்கத்தில்தான் வருகிறாள். அவள் பெயர் எங்கள் மகளின் பெயர். செல்வி அழவில்லை. "இதப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

திருநகரில் உன் வீட்டு வாசலிலேயே கேட்டேன். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைப்பதைக்கூட நீ நிறுத்தவில்லை.

"கதைக்குப் பொருத்தமா இருந்துச்சு மாப்ள. பேருதான? நீ நெனச்சா இந்நேரம் இன்னொண்ணு உண்டாக்கிருவ."

"அது எம் மக பேருடா."

"வைக்காத பேரு எப்படி மாப்ள ஒருத்தருக்குச் சொந்தமாகும்?"

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அதன்பின் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மேடைதோறும் நீ, பெயர்களெல்லாம் கனவில் வந்தன என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உவரணையும் ஊளைமுடியும் உன்னோடு போகட்டும், எனக்குக் கவலையில்லை. அந்த ஒரு பெயரையாவது விட்டிருக்கலாம். நீ செத்த அன்று உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். பந்தலைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இப்போது உன் பதிப்பாளர் போன் செய்கிறார். நீ இரண்டாம் பாகத்தை எழுதி முடித்திருக்கிறாயாம், பெயர் வரவேண்டிய இடமெல்லாம் புள்ளி வைத்திருக்கிறதாம், முதல் பாகத்துப் பெயர்கள் யார் வைத்தவை என்று அவருக்குத் தெரியுமாம், அதனால் நான்தான் நிரப்ப வேண்டுமாம். முதல் பாகத்து அரக்கியின் பெயரை எடுத்தால் செய்கிறேன் என்றேன். குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும் என்றார். உன் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுண்ணே. கனவுல வந்துச்சுன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு." பிறகு, "மாத்திருங்கண்ணே. செல்விகிட்டப் போனக் குடுங்க" என்றார்.

அவ்வளவுதான். இதைச் சொல்ல உனக்கு ஒரு ஆயுள் போதவில்லை.

அரக்கிக்கு வேறு பெயர் வேண்டும். முதலில் உன் பெயரையே கொஞ்சம் வளைத்துப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. செல்விதான் தடுத்தாள். "வேணாம். அவுக பிள்ளைக படிக்கும்." வேறு பல பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்ப்பது போலவே இருந்தது. கடைசியில், பயத்தில் அந்த நாட்டு ஜனங்கள் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். அட்டையும் மாறுகிறது.

"நானே அடிக்கிறேன்" என்று செல்வி சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் ஒவ்வொரு பக்கமாக அந்தப் பெயரை அடிக்க, பக்கத்திலேயே நான் 'அவள்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். முடித்ததும் விரல்களை நீவிக்கொண்டாள். பிறகு அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொன்னாள், மகளைக் கூப்பிடுகிற மாதிரி.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டாம் பாகத்துக்குப் பெயர்கள் தருவேன், கொடுத்த வாக்குக்காக. உனக்காக இல்லை. திருமங்கலம் ரோட்டில் வண்டியில் போகும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே போகிறேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கிறேன். தினமும் நான்தான் ஜெயிக்கிறேன். நீ ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. அதுதான் மாப்ள, ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.