ஆணிச் சத்தமும் ஒரு பொன்னாடையும்

மச்சான்,

நான் உட்கார்ந்து சாப்பிடும் கதிரையில் ஒரு பொன்னாடை கிடக்கிறது. புதுத்துணி மணம் இன்னும் போகவில்லை. முந்தநாள் மேடையில் அதை எனக்குப் போர்த்தினார்கள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம்முடைய பிழைப்பு உனக்குத் தெரியாததா? கலியாண வீடுகளில் றொக், பைலாப் பாட்டுகள். தவக்காலம் தொடங்கினால் குருநகரில் யாரும் கலியாணம் வைக்கமாட்டார்கள். அப்போது திருப்பாடுகளின் நாடகம். நீ கிற்றார், றம்ஸ், அக்கோடியன், ட்ரம்பெற் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நான் ஓர்கனோடு சரி. திரைக்குப் பின்னால் நீ ஒரு வாத்தியத்தை வைத்துவிட்டு மற்றதற்குப் பாய்வாய். உள்ளே ஐந்து பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்து ஐந்து சோற்றுப் பார்சல் அனுப்புவார்கள். மிச்சம் வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு வருடம் நீ விட்ட பிழையை மறந்திருக்கமாட்டாய். இயேசுவைச் சிலுவையில் கிடத்தியாயிற்று. சபை முழுக்க மௌனம். அடுத்து ஒப்பாரி தொடங்க வேண்டும். நீ கலியாண வீட்டில் பாட்டுத் தொடங்கும் நினைவில் றம்ஸ் தடிகளை ஒன்றோடொன்று தட்டி நாலு எண்ணிவிட்டாய். டக், டக், டக், டக். சனம் அதை ஆணி அடிக்கிற சத்தம் என்று எடுத்துக்கொண்டது. பெண்கள் குழறி அழுதார்கள். மேடையில் நின்ற சேவகன் திகைத்துப்போய், பிறகுதான் சுத்தியலைத் தூக்கினான்.

நாடகத்தைப் பழக்கிய அண்ணாவியார் முடிந்ததும் உள்ளே வந்து உன்னைப் பிடித்தார்.

“இதென்ன, கலியாண வீடெண்டு நினைச்சியோ?”

அடுத்த வருடம் ஒத்திகையில் அவரே கேட்டார்: “ஆணிச் சத்தம் எங்கையடா? அதில்லாமல் சனம் அழாது.”

அதன்பிறகு அந்த நாலு அடி இல்லாமல் ஒரு நாடகமும் நடக்கவில்லை.

நீ போன மாரியில் கண்ணை மூடிவிட்டாய். இந்த முறை ஓர்கனையும் பார்த்துக்கொண்டு உன் தடிகளையும் நான்தான் தட்டினேன். நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர், புதுப் பொடியன், என்னை மேடைக்கு அழைத்தான். அந்த ஆணிச் சத்தத்தை உருவாக்கிய கலைஞர் நான்தானாம். பொன்னாடை தோளில் விழுந்தது. மைக்கைக் கையில் தந்தார்கள். உன் பெயர் வாய்வரை வந்தது. முன்வரிசையில் உன் மனைவி றீற்றா இருந்தாள்.

“எல்லாம் ஆண்டவரின்ரை செயல்” என்றேன்.

அவளும் எல்லாரோடும் கைதட்டினாள். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேற்றுப் பொன்னாடையைப் பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். றீற்றா விரித்துப் பார்த்தாள்.

“இதேன் எனக்கு, அண்ணை?”

“இது அவன்ரை.”

“ஓம், தெரியும். மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை சொல்லியிருக்கலாம்.”

கோபமில்லாமல்தான் சொன்னாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தேத்தண்ணி தந்தாள். நான் வெளிக்கிடும்போது பொன்னாடையை நாலாக மடித்துத் திரும்பவும் என் கையிலேயே வைத்தாள்.

“வாற வருசம் போத்துக்கொண்டு போய் அங்கையே சொல்லுங்கோ.”

பாட்டுத் தொடங்கமுன் நான் தயங்கும்போதெல்லாம் நீ சொல்வாய்: “நாலு அடிச்சால் தொடங்கிப்போட வேணும். யோசிக்கப்படாது.” இன்று காலை மேசையில் நாலு தட்டிவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்கினேன். உன்னிடம் சொல்வது எனக்கு லேசு. சனத்துக்கு முன்னால் சொல்வதற்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதுவரை பொன்னாடை இந்தக் கதிரையில்தான் கிடக்கும். வீட்டில் வேறு நல்ல கதிரை இல்லை. நான் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன்.