மாப்பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொன்ன படம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருக்க வேண்டும், அதில் குறையில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

போன வாரம் என் போனுக்கு ஒரு விளம்பரப் படம் அனுப்பினாய். ஒரு பெண் தலைவிரி கோலமாகக் குனிந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் வெறுங்காலோடு இரண்டு பிள்ளைகள், கீழே 'கணவன் கைவிட்டான், கடன் வீட்டைப் பறித்தது, உங்களை விட்டால் யார்?' என்று எழுத்து. 'பாத்ததும் அழுதுட்டேம்மா, உடனே பணம் அனுப்பிட்டேன், யார் பெத்த பொண்ணோ' என்று எழுதியிருந்தாய். நான் பெற்ற பெண்தான்டா. உன் அக்கா.

மறைத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் முதுகு ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் வளர்ந்து, வாடகை நின்று, வீட்டுக்காரர் சாமானையெல்லாம் வெளியே வைத்துவிட்டார். இரண்டு மாதமாக நாலு பேரும் என்னுடைய ஒற்றை அறையில். தூரத்தில் இருக்கிறவன் எதற்குத் தவிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உதவுகிறோம் என்று, நீ பணம் அனுப்பிய அந்தத் தர்ம நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். வந்த கேமராக்காரன், வாரிப் பின்னியிருந்த உன் அக்காவின் தலையை அவிழ்க்கச் சொன்னான். பிள்ளைகளின் ஷூவைக் கழற்றச் சொன்னான். மாப்பிள்ளை டூட்டி முடித்து டிரைவர் சட்டையோடு சின்னவனைத் தூக்கிக்கொண்டு நின்றார், அவரிடம் "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆம்பளை இருந்தா யாரும் காசு குடுக்க மாட்டாங்க" என்றான். பிள்ளையை இறக்கிவிட்டுத் தள்ளி நின்றார், பாவி மனுஷன். உன் அக்காவிடம் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு மளிகைப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள், விளங்காத பயல்கள். இப்போது அந்தப் படம் அவர் ஓட்டுகிற பஸ்ஸின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது, கணவன் கைவிட்டான் என்று ஊரெல்லாம் அவரே சுமந்துகொண்டு போகிறார்.

நேற்று ஒரு வாடகை வீடு பேசப் போனோம். வீட்டுக்காரம்மா அக்காவை உற்றுப் பார்த்து, "நீ பஸ்ல இருக்கற பொண்ணுதானே? புருஷன் விட்டுட்டுப் போனவளுக்கு வீடு குடுத்தா வாடகை யார் தருவா?" என்று கேட்டாள். பக்கத்தில் நிற்கிறவர்தான் புருஷன் என்றேன். "யாரையோ கூட்டிட்டு வந்து புருஷன்னா நான் நம்பணுமா?" என்று கதவைச் சாத்திவிட்டாள். மாப்பிள்ளை நேற்றிலிருந்து யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. அந்த ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன், அங்கிருந்த பெண் "கையெழுத்துப் போட்டிருக்காங்களே, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்கிறாள். எங்கள் நல்லது அவளுக்குத் தெரியுமாம்! எங்களுக்கு மரியாதை இல்லை, பணம் கொடுத்தவன் உனக்கு இருக்கும். நீ கூப்பிட்டு, படத்தில் எங்கள் மாமா எங்கே என்று கேள். எடுக்கச் சொல். எடுக்கும்வரை விடாதே.

இன்னொன்று. நீ அந்தப் படத்தை அனுப்பியதைப் பார்த்து, "தம்பி கண்டுபிடிச்சுட்டான்மா, இப்போ போன் பண்ணுவான் பாரு" என்று உன் அக்கா அன்று முழுக்க என் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். படத்துக்குக் கீழே நீ எழுதியதை அவள் பார்ப்பதற்குள் நான் அழித்துவிட்டேன்.

என் கோபம் உங்களைத் தீண்டாமல் இருவரும் நன்றாக இருங்கள். கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிடு. பார்த்ததுமே நீதான் என்று தெரிந்துவிட்டது என்று சொல். பொய்தான், சொல்லித் தொலை.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா